கீறல் படாத தம்பி

என் அப்பா ஆம்பூரில் தோலைத் தரம் பிரிக்கும் வேலையில் இருந்தார். பதனிட்ட ஆட்டுத்தோலை ஜன்னல் வெளிச்சத்தில் விரித்து உள்ளங்கையால் ஒரு முறை தடவுவார். உண்ணி கடித்த ஓட்டை, முள் கிழித்த கோடு, அம்மை வடு எதுவும் இல்லையென்றால் முதல் தரம். மாலையில் வீட்டுக்கு வந்ததும் அதே கையால் தம்பியின் முழங்காலைத் தடவுவார். வாசலருகே நிறுத்தி, காலைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். சிராய்ப்பு இருந்தால் அம்மாவுக்கும் எனக்கும் ஏச்சு. என் முழங்காலில் மூன்று தழும்புகள் உண்டு. அவற்றை யாரும் தடவிப் பார்த்ததில்லை.

தெருவில் இதைப் பாசம் என்றார்கள். எனக்குக் குமட்டும். அவர் கையில் இருந்த தோல் வாடைதான் காரணம் என்று வெகுநாள் நினைத்திருந்தேன்.

தம்பி சைக்கிள் கற்கவில்லை. பாலாற்று மணலில் விளையாடப் போனதில்லை. பதினெட்டு வயதிலும் அம்மாதான் முதுகு தேய்த்துவிட்டாள். ஏரிக் கெண்டை வாங்கினால் அவனுக்கு முள் எடுப்பது என் வேலை. எடுத்த சதையைத் தட்டின் ஓரத்தில் வைப்பேன். தலையைத் தூக்காமல் தின்பான்.

எண்பதுகளின் நடுவில் நான் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருந்தேன். அப்பா அங்கேயே தோல் கிடங்குக்கு வந்திருந்தார். பத்தாம் வகுப்பில் இரண்டு முறை தவறிய தம்பிக்குக் கட்டிங் மேசையில் இரண்டு வாரச் சோதனை வேலை கிடைத்தது. தேறினால் நிரந்தரம். தேறாவிட்டால் அவனை வேலைக்குக் கூப்பிட வேறு ஆள் கிடையாது.

கட்டிங்கில் கத்தி பிடிப்பது பாதி வேலைதான். வடு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து, அதைத் தவிர்த்து அச்சுத் தகட்டை வைப்பது மீதி. முதல் பத்து நாள் தம்பி ஒரு தவறும் செய்யவில்லை. மேஸ்திரி என் மிஷின் பக்கம் வந்து, "இன்னாம்மா, உன் தம்பிக்கு அப்பன் கண்ணு அப்படியே இருக்குதே" என்றார். எனக்கே ஆச்சரியம்.

பதினோராம் நாள் வெட்டிய துண்டுகளை எடுக்க அவன் மேசைக்குப் போனேன். விரித்திருந்த தோலில், வடு இருந்த இடமெல்லாம் மெல்லிய சாக்பீஸ் வட்டம். முடியும் இடத்தில் சின்ன வால். அப்பா போடும் வட்டம். தினமும் காலைச் சங்குக்கு முன்பே தம்பிக்கான தோல் கட்டைப் பிரித்துக் குறி போட்டு, திரும்பக் கட்டி வைத்திருக்கிறார்.

மதியம் கிடங்கு வாசலில் கேட்டேன்.

"இன்னாப்பா இது?"

"புள்ள பேஜார் ஆவறான்மா. கொஞ்ச நாள்தானே."

"நாளைக்கி நீ இல்லன்னா?"

"நான் ஏன் இல்லாம போறேன்?"

மேஸ்திரியிடம் நான் சொல்லவில்லை. தம்பியிடமும் சொல்லவில்லை. முள் எடுத்துப் பழகிய கை எனக்கும்.

பதின்மூன்றாம் நாள் அவசர ஆர்டர். வேலூரிலிருந்து வந்த லோடு கிடங்குக்குப் போகாமல் நேராக மேசைக்கு வந்தது. தம்பி விரித்தான். வட்டம் ஒன்றுகூட இல்லை. வட்டம் இல்லாத தோல் வடு இல்லாத தோல் என்று எடுத்துக்கொண்டான். தயங்காமல், ஏறக்குறைய சந்தோஷமாக, சாப்பாட்டு மணிக்குள் கட்டு முழுவதையும் வெட்டி முடித்தான்.

மேஸ்திரி துண்டுகளைப் புரட்டினார். ஷூவின் முன்பக்கத்தில் வரவேண்டிய துண்டுகளில் வரிசையாக உண்ணி ஓட்டைகள்.

"கண்ணு தெரிலியாடா உனக்கு?"

"குறி போடலியே சார்."

"யாரு போடணும்? உங்கப்பன் வந்து போடணுமா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "வூட்டுக்குப் போயி பால் குடி, ராஜா" என்றான் ஒருவன். தம்பி அழவில்லை. கிடங்குப் பக்கம் திரும்பிப் பார்த்தபடி நின்றான். மாலையே அனுப்பிவிட்டார்கள்.

வீட்டில் அப்பா அவனுடைய இரண்டு கைகளையும் விளக்கருகே இழுத்து, விரல் விரலாகப் புரட்டிப் பார்த்தார்.

"ரெண்டு வாரம் கத்தி புடிச்ச கையி. ஒரு கீறல் இல்ல பாரு" என்று அம்மாவிடம் சொன்னார். குரலில் திருப்தி இருந்தது. தம்பி கையை இழுத்துக்கொள்ளவில்லை.

அன்று கெண்டைக் குழம்பு. முள் எடுக்காமல் முழுத் துண்டை அவன் தட்டில் வைத்துவிட்டு என் சோற்றைப் பிசைந்தேன். அவன் காத்திருந்தான். பத்தொன்பது வயது, மீசை நன்றாக வளர்ந்திருந்தது. மீனைத் தொடவில்லை.

சற்று நேரத்தில் அப்பா தன் எச்சில் கையை நீட்டி அவன் மீனைப் பிட்டு முள் எடுக்கத் தொடங்கினார். அவருக்கு வசதியாகத் தம்பி தட்டை நகர்த்திக் கொடுத்தான். நான் பாதிச் சோற்றோடு எழுந்துபோய்க் கை கழுவினேன்.