புஹாரி கண்ட இரண்டு பிறை

பதுளைக்கு இன்னும் ரயில் வராத காலத்தில், எங்கள் பள்ளிவாசல் பிறை விஷயத்தில் ஒரே ஆளின் கண்ணைத்தான் நம்பியிருந்தது. அவர் புஹாரி நாநா, ஊருக்கெல்லாம் அண்ணன் முறை. துணி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயங்களுக்கு ஏறி இறங்கும் வியாபாரி. படிப்பாளியும் இல்லை, பணக்காரரும் இல்லை. ஆனால் மற்றவர்கள் மேகத்தை அளந்துகொண்டிருக்கும்போதே பிறையைக் கண்டுவிடுவார். அவர் கண்டேன் என்றால், தொழுகை நடத்தும் லெப்பை மறுபேச்சுப் பேசமாட்டார். அதில் நாநாவுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது, இருந்துவிட்டுப் போகட்டும்.

அந்த வருஷம் நோன்பு நெருங்கிய சமயத்தில், நாநா தோட்டத்துக் கங்காணி கந்தப்பனிடம், தேயிலை அரைக்கும் ஸ்டோருக்கு எப்போது இரண்டாவது புகைக்கூண்டு கட்டினீர்கள் என்று விசாரித்தாராம். கங்காணி விழுந்து விழுந்து சிரித்தார். வெயிலில் நடந்த கிறுகிறுப்பு என்று சொல்லி மோர் கொடுத்து அனுப்பினார். கையிலிருந்த துணியும் அளவுகோலும் ஒன்றொன்றாகத்தான் தெரிந்ததால் நாநாவும் அப்படியே நம்பிவிட்டார்.

நோன்புக்கு முந்திய ஷஃபான் மாதம் இருபத்தொன்பதாம் நாள் அந்தியில், பிறை தெரிந்தால் மறுநாளே நோன்பு என்று ஊரார் வழக்கம்போல மேட்டில் கூடினார்கள். வானம் முழுக்க மேகம். சட்டென்று ஓர் இடுக்கு விட்டது. "பிறை" என்று நீட்டிய கையை, நாநா இங்கும் அங்குமாக மாற்றி மாற்றிக் காட்டினார். எந்தப் பக்கம் என்று லெப்பை கேட்டார். பொய் சொல்லத் தெரியாத மனிதர், இருந்ததைச் சொல்லிவிட்டார்.

"ரெண்டு தெரியுது லெப்பை."

அதற்குள் மேகம் மூடிவிட்டது. வேறு யாரும் பார்க்கவில்லை. ஒன்று நமக்கு, மற்றது பண்டாரவளைக்காரர்களுக்கா என்று தேநீர்க்கடை ஸலீம் கேட்க, மேடே சிரித்தது. லெப்பை மட்டும் சிரிக்கவில்லை. இரண்டு பிறை கண்டவரின் சாட்சியை ஏற்க முடியாது, மாதத்தை முப்பதாக நிறைவு செய்வோம் என்று சொல்லி எல்லாரையும் அனுப்பிவைத்தார்.

வீட்டில் மனைவி ஸித்தி ஸுபைதா, ஊர் வாயில் விழுந்து விழுந்து கண்ணூறு பட்டுவிட்டது என்று தண்ணீர் ஓதி முகத்தைக் கழுவிவிட்டார். கழுவியும், வேலிக்கு அப்பாலிருந்த பப்பாசி மரம் இரண்டாகவே நின்றது. நாநாவைக் குருடாகிவிடும் பயம்கூட அவ்வளவாக வாட்டவில்லை. அவர் கண்டது உண்மையான பிறையாக இருந்தால், அவருடைய வாயால் ஊர் முழுக்க நாளைக்கு நோன்பை விட்டுச் சாப்பிடும். அந்த நினைப்புத்தான் அவரை அரித்தது. தன் கண்ணை நம்பி அவர் மட்டும் நோன்பு பிடித்தார். விடிந்ததும் ஸுபைதா அவரைக் கவர்ன்மெண்ட் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனார்.

அங்கிருந்த டொக்டர் யாழ்ப்பாணத்துக்காரர், நிதானமான மனிதர். ஜன்னல் வழியே தூரத்து மரத்தைக் காட்டி, ஒவ்வொரு கண்ணாகப் பொத்திப் பார்க்கச் சொன்னார். எதைப் பொத்தினாலும் மரம் ஒன்று; இரண்டையும் திறந்தால் மரம் இரண்டு. கண் இரண்டும் நல்ல கண்தான், ஆனால் ஒரே நுகத்தில் பூட்டிய மாடுகளில் ஒன்று பின்தங்குவதுபோல, வலக்கண்ணை வெளிப்பக்கம் திருப்பும் நரம்பு தளர்ந்துவிட்டது என்று விளக்கினார். தூரத்தைப் பார்க்கும்போதுதான் அது அதிகமாகத் தெரியுமாம். சிறுநீரைச் சோதித்துவிட்டு, நீரிழிவுதான் காரணம் என்றார். சர்க்கரையையும் சர்பத்தையும் விட்டுவிடுங்கள், ஒரு கண்ணை மாற்றி மாற்றி மூடிக்கொள்ளுங்கள், அனேகமாகச் சில மாதத்தில் தானாகவே சரியாகிவிடும் என்றார். ஸுபைதாவுக்கு உயிர் வந்தது.

நாநாவுக்கு வரவில்லை. "அப்ப நேத்து நான் கண்ட பிறை பொய்யா ஐயா?"

"பொய் இல்லை. ஒண்டு வானத்தில இருந்தது. மற்றதுதான் உங்கட கண் சேர்த்தது."

நாநா கூட வந்த ஸுபைதாவையும் மறந்துவிட்டு லெப்பையிடம் ஓடினார். லெப்பை எல்லாவற்றையும் கேட்டார். ஒரு கண்ணை மூடவைத்து, தெருக்கோடியில் நின்ற மாட்டு வண்டி எத்தனை என்று கேட்டார். ஒன்று. திறக்கச் சொன்னார். இரண்டு. பாங்கு சொல்லும் மோதினாரைக் கூப்பிட்டு, பிறை கண்டது உறுதி, தின்றவர்கள் இப்போதே நிறுத்துங்கள், விட்ட நோன்பைப் பிறகு பிடிக்கலாம் என்று தெருத் தெருவாகச் சொல்லச் சொன்னார். ஸலீம் அப்போது அப்பத்தில் பாதியை வாயில் வைத்திருந்தார். அதைத் துப்பவைத்ததில் எங்களுக்கு இருந்த மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது.

ஸுபைதா கறுப்புத் துண்டுத் துணியில் கண்மூடி தைத்துக் கொடுத்தார். அதைக் கட்டிக்கொண்டு நாநா மெதுவாக மலை ஏறினார். நோன்பு முடிந்து பெருநாளும் போனது. இரண்டு புகைக்கூண்டுகளும் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கி வந்தன.

ஹஜ் மாதப் பிறை பார்க்கிற அந்தியில் அவர் கண்மூடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு மேட்டில் நின்றார். மெல்லிய மேகம். எங்கள் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. நாநா வானத்தையே பார்த்தார். இடக்கண்ணை மூடினார், திறந்தார். வலக்கண்ணை மூடினார், திறந்தார். எத்தனை என்று இந்த முறை ஸலீம்கூடக் கேலி இல்லாமல் கேட்டார்.

"ஒண்டுதான்" என்று சொல்லிவிட்டுப் புல்லிலேயே உட்கார்ந்து அழுதார்.

லெப்பை வானத்தைப் பார்க்கவே இல்லை. மோதினார் பக்கம் திரும்பி, போய் ஊருக்குச் சொல் என்றார்.