தயாளனுக்காகச் சமைத்த பன்சிட்

டென்மார்க்கில் எங்கள் ஹொல்ஸ்டெப்ரோ நகரச் சூப்பர்மார்க்கெட்டில் ஆசியச் சாமான்களுக்குத் தனித் தட்டு வைத்திருக்கிறார்கள். நேற்று நின்று எண்ணினேன். அரிசி நூடில்ஸ் மட்டும் ஏழு வகை. யாருக்கு வேண்டும் ஏழு வகை? எரிச்சலோடு ஒரு பாக்கெட்டைத் தூக்கிப் பார்த்தேன். பிலிப்பீன்ஸ் என்று போட்டிருந்தது. உடனே மூக்கில் உள்ளிப்பூண்டு வதங்கும் மணம் ஏறிவிட்டது.

அது ரோசாவின் சமையலறை மணம். டேனிஷ்காரரை மணந்து எங்கள் மேல்மாடியில் இருந்த பிலிப்பீன்ஸ் பெண். என் மனைவியோடு முதியோர் இல்லத்தில் வேலை. சனிக்கிழமைகளில் இருவரும் சேர்ந்து சமைப்பார்கள். வினாகிரியும் சோயாவும் ஊற்றிக் கோழியை வேகவைத்தால் அடோபோ. புளி விட்டுப் பன்றி இறைச்சி போட்டால் சினிகாங். "எங்கட ரசத்துக்கை பண்டி விழுந்திட்டுது" என்பாள் மனைவி. நான் பக்கத்தில் நின்று உள்ளிப் பற்களை எண்ணி, நெஞ்செரிவு வரும் என்று புறுபுறுப்பேன். "உன்ர மனுசனை வெளியில அனுப்பு, இல்லாட்டி அவரையும் சேர்த்து அரிஞ்சு போடுவன்" என்று ரோசா டேனிஷில் கத்துவார்.

இலங்கையில் போர் முடிந்த அந்த 2009 மே மாதத்தோடு இந்தச் சிரிப்பெல்லாம் நின்றது. மனைவியின் தம்பி தயாளன் வன்னியில் அகப்பட்டிருந்தான். அவனுடைய தொலைபேசி அழைப்புகள் நின்றுபோயின. டேனிஷ் தொலைக்காட்சி எங்கள் முடிவைச் சொன்ன கையோடு வானிலைக்குப் போய்விட்டது. எங்கள் ஆட்கள் அதைவிட வேகம். செத்த வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை, அயலார்தான் சமைத்துக் கொடுப்பார்கள். அந்த வழக்கப்படி மறுநாளே மூன்று வீட்டுச் சட்டிகள் வாசலுக்கு வந்துவிட்டன.

"அக்கா, ரெண்டு வாயாவது சாப்பிடுங்கோ" என்று சட்டி கொண்டுவந்த ஒருத்தி மனைவியிடம் கெஞ்சினாள்.

"இது செத்த வீடில்லை. என்ர தம்பியின்ர பிரேதத்தைக் கண்டனீங்களோ? இல்லையெல்லோ? கொண்டு போங்கோ."

பின்னேரம் ரோசாவும் ஒரு சட்டியோடு இறங்கி வந்தார். படியிலேயே மறித்து விஷயத்தைச் சொன்னேன். சட்டியைத் திருப்பிக் கொண்டுபோனவர், நூடில்ஸ், கரட், முட்டைக்கோவாவோடு வந்து கதவைத் தள்ளினார்.

"எழும்பு. உன்ர அடுப்பில நீயே சமை. இது பன்சிட். எங்கட ஊரில பிறந்தநாளுக்குச் செய்யிறது. நூல் நீளமா இருந்தா ஆயுசும் நீளம்."

மனைவி எழுந்தாள். எங்கள் அடுப்பு எரிந்தது.

பிறகு ஒவ்வொரு ஆண்டும் தயாளன் பிறந்தநாளுக்குப் பன்சிட்தான். ஏதாவது தடுப்பு முகாமில் இருப்பான் என்று மனைவி நம்பினாள்; எந்த முகாமிலும் அவன் இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே தட்டை நீட்டினேன். ரோசா மகளிடம் ஒடென்சே நகருக்குப் போய், அங்கேயே காலமானார். டேனிஷில் பதில் சொல்லும் எங்கள் பிள்ளைகள் மாமா யாரென்று கேட்பதை எப்போதோ விட்டுவிட்டார்கள்.

இந்த ஆண்டு அந்த நாளில் மனைவி பருப்பும் கத்தரிக்காயும் சமைத்தாள். பொறுக்க முடியாமல் கேட்டேன்: "இண்டைக்குத் தயாளன்ர பிறந்தநாள் எல்லே?"

"தெரியும். சோறு ஆறுது, வந்து இருங்கோ."

ஆண்டுதோறும் அவனுக்கு ஒரு வயது கூட்டி வந்தோம். இந்த முறை கூட்டவில்லை.