வாளியில் கலந்த சோறு

என் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. எழுதுவது சிரமம். ஆனால் இதை வாயால் சொல்ல எனக்கு வரவில்லை. இருபது வருடமாக வரவில்லை.

டெல்லி துவாரகாவில் அடுக்குமாடிகள் எழும்பிக்கொண்டிருந்த காலம். அங்கே குடிவந்த தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து ஞாயிறுதோறும் ஒரு கூடத்தில் பூஜை வைத்துச் சாப்பாடு போட்டார்கள். நான்தான் சமையல். உள்ளே அவர்கள் சாப்பிட்டு முடித்ததும் வெளியே கட்டட வேலை ஆட்கள் கிண்ணத்தோடு வரிசையில் நிற்பார்கள். பீகாரிலிருந்து வந்தவர்கள் அதிகம்.

செயலாளர் சார் ஒன்றில் கறார்.

"நாம எதைச் சாப்பிடறோமோ அதேதான்ப்பா அவங்களுக்கும். ஒருத்தரும் வெறுங்கையோட போகக்கூடாது."

அந்த ஞாயிறு உள்ளே கூட்டம் அதிகமாகிவிட்டது. வெளியே வைத்த சாம்பார் சாத வாளி பாதிக்குக் கீழே இறங்கிவிட்டது. வரிசை குறையவில்லை. மறுபடி உலை வைத்திருக்கலாம். அரிசி இருந்தது. அரை மணி நேரம் ஆகும், அவ்வளவுதான். எனக்கு இடுப்பு வலி. பின்பக்கம் சாப்பிட்ட தட்டுகள் அடுக்கியிருந்தன. பிள்ளைகள் மிச்சம் வைத்தவை. பாதிச் சோறு அப்படியே இருந்தது. கை படாத பக்கம் என்று நானே சொல்லிக்கொண்டு ஏழெட்டுத் தட்டை வாளியில் வழித்தேன். கரண்டியால் கிளறிவிட்டேன். யாரும் பார்க்கவில்லை.

ஒரு இருபது பேர் வாங்கிப்போனார்கள். பிறகு ஒரு பெண் வந்தாள். இடுப்பில் நாலு வயதுப் பெண்குழந்தை. கிண்ணத்தில் போட்டேன். அவள் நகரவில்லை. கிண்ணத்துக்குள் விரலை விட்டு எதையோ எடுத்து என் முன்னால் நீட்டினாள்.

"பையா, யே ஜூட்டா ஹை."

பையா என்றால் அண்ணன். ஜூட்டா என்றால் பொய்யன். டெல்லி வந்து நான் கற்ற முதல் வசவு அது. காய்கறி மண்டியில் வாங்கியது. இவன் பொய்யன் என்று இத்தனை பேர் முன்னால் சொல்கிறாளே என்று எனக்குக் கோபம் தலைக்கேறியது. அவள் கையில் என்ன என்று நான் பார்க்கவில்லை.

"கோன் ஜூட்டா? தாஜா கானா ஹை!" என்று கத்தினேன். எவன் பொய்யன், புதுச் சோறு இது என்றேன்.

அவள் அதே வார்த்தையை மெதுவாக இன்னொரு தரம் சொன்னாள். கிண்ணத்தைப் பிடுங்கிச் சோற்றை வாளியில் கவிழ்த்தேன். வெறும் கிண்ணத்தை அவள் கையில் திணித்து, "ஜாவ்" என்றேன். போனாள். குழந்தை அவள் தோளுக்கு மேலே வாளியைப் பார்த்துக் கையை நீட்டிக்கொண்டே போனது.

எங்களுக்குப் பாத்திரம் தேய்த்த அக்கா சேலத்துக்காரர். ரொம்ப காலமாக டெல்லிக்காரர். அவரிடம் பொருமினேன்.

"என்னைப் பொய்யன்னு சொல்லுறா அக்கா. ஜூட்டாங்குறா."

"கையில எதையாச்சும் காட்டுனாளா?"

"என்னமோ காட்டுனா."

அக்கா சிரித்துவிட்டார். "அட கூறுகெட்டவனே! சோத்தைக் காட்டி ஜூட்டான்னா எச்சில்டா. பொய்யனுக்கு வேற மாதிரி அழுத்திச் சொல்லுவாங்க. பத்து வருசமா டெல்லித் தண்ணி குடிக்கிறே, ஒங் காது மட்டும் இன்னும் ரயில்லயே ஒக்காந்திருக்கு பாரு."

வாசற்படிக்குப் போய்ப் பார்த்தேன். அவள் போட்டுவிட்டுப் போனது கிடந்தது. யாரோ மென்று சாறு உறிஞ்சிய முருங்கைக்காய்ச் சக்கை.

பின்னாலேயே அக்கா வந்து நின்றார். இப்போது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

"தம்பி, நீ எதையும் கலக்கலையே?"

"இல்லக்கா."

எச்சில், பொய்யன். அவள் எதைச் சொல்லியிருந்தாலும் எனக்குப் பொருந்தியது.

திங்கட்கிழமை மதியம் புதிதாக வடித்த சோற்றை ஒரு தூக்கில் எடுத்துக்கொண்டு கட்டட வேலை நடக்கும் இடத்துக்குப் போனேன். அவள் மணல் சலித்துக்கொண்டிருந்தாள். தூக்கை நீட்டி "தாஜா" என்றேன். அவள் வாங்கவில்லை.

"பெஹலே தும் காவோ."

முதலில் நீ சாப்பிடு என்கிறாள். தூக்கில் கை விட்டால் அதுவும் எச்சிலாகும். மூடியில் கொஞ்சம் போட்டுக்கொண்டு சாப்பிட்டேன். நான் விழுங்கும்வரை என் தொண்டையைப் பார்த்தாள்.

"அவுர் கல்?" என்று கேட்டாள். அப்படியானால் நேற்றைக்குப் போட்டது?

"ஜூட்டா தா," என்றேன். எச்சில்தான். அதற்கு மேல் சொல்ல என்னிடம் இந்தி இல்லை. தமிழிலும் இல்லை.

"சப்கோ தியா?"

எல்லாருக்கும் கொடுத்தாயா என்று கேட்கிறாள். தலையாட்டினேன். அவள் திரும்பி, சிமென்ட் குழைத்துக்கொண்டிருந்தவர்களைப் பார்த்தாள். அதில் ஒரு பெரியவர், நேற்று வரிசையில் முதலில் நின்றவர், என்னைப் பார்த்துக் கையசைத்தார். அவள் தூக்கை வாங்கிக் குழந்தைக்கு ஊட்டினாள். அவள் சாப்பிடவில்லை.

அடுத்த ஞாயிறு இரண்டு உலை கூடுதலாக வைத்தேன். அவள் வருவாளா என்று வரிசையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வந்தாள். அவளுக்கு முன்னால் அந்தப் பெரியவர். வாங்கிக்கொண்டதும் என் தலையில் கை வைத்து, "ஜீத்தே ரஹோ பேட்டா," என்று வாழ்த்தினார். அந்தக் கைக்குப் பின்னால் அவள் முகம் தெரிந்தது. அவரிடம் அவள் சொல்லியிருக்கவில்லை. இப்போதும் சொல்லவில்லை.

நானும் சொல்லவில்லை. குனிந்து அந்த வாழ்த்தை வாங்கிக்கொண்டேன்.