பதினெட்டு மீற்றர் தூரத்தில் ஒரு சத்தம்

சாந்தன் அண்ணை லா ஷப்பல் தமிழ்க் கடைத்தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பத்தொன்பது வருடமாகப் பிளோஞ் செய்கிறார். பிளோஞ் என்றால் சட்டி, தட்டு, கரண்டி கழுவுவது. நிலக்கீழ் அறை, ஜன்னல் கிடையாது. தலைக்கு மேலே புகை உறிஞ்சுகிற மெஷின் இரைந்துகொண்டிருக்கும். கீழே இரும்புத் தொட்டிக்குள் இரும்புத் தட்டுகள் விழுந்துகொண்டே இருக்கும். நாளுக்குப் பத்து மணித்தியாலம். அதே கடையில் மேலே கல்லாவில் நிற்கிறவன் நான். வில்லியே லே பெல் புறநகரில் அண்ணையின் வீட்டு அறையொன்றில் வாடகைக்கும் இருக்கிறேன். அதனால் இதில் பாதி நான் கண்டது. மீதி அவரோடு ஒரே சங்கத்தில் இருந்த டேமியன் சொன்னது.

அண்ணை வில் வைத்து வேட்டையாடுகிறவர். சொன்னால் லா ஷப்பலில் ஒருவரும் நம்பமாட்டார்கள். ஏழு வருடத்துக்கு முன் ஒரு திங்கட்கிழமை, கடை பூட்டு, பஸ்ஸில் போகும்போது ஊர் எல்லையில் ஒரு வெளியில் சில பிரெஞ்சுக்காரர் அம்பு விட்டுக்கொண்டிருந்ததைக் கண்டார். அடுத்த திங்கள் அங்கே இறங்கினார். ஏன் அண்ணை என்று ஒருமுறை கேட்டேன். பத்துப் பேர் நிற்கிறார்கள், ஒருவரும் கத்தவில்லை, அதுதான் பிடித்தது என்றார். வேட்டை அனுமதிப் பரீட்சையை மூன்றாம் தரம்தான் பாஸ் பண்ணினார். அந்த வில்வேட்டைச் சங்கத்தில் அவர் ஒருவர்தான் தமிழர். தலைவர் ரொபேர் ஓய்வு பெற்ற பஸ் சாரதி. அதிகம் பேசாதவர், வாக்கை மட்டும் பெரிதாக மதிக்கிறவர்.

ஆறு வருடமாகச் சங்கம் அவருக்குக் கொடுத்த வேலை காடு கலைப்பது. மற்றவர்கள் வில்லோடு மரத்தடிகளில் காத்து நிற்க, இவர் பற்றைக்குள் மெல்ல நடந்து மான்களை அவர்கள் பக்கம் அசைக்க வேண்டும். ஞாயிறு காலை போய், பின்னேரம் முள் கீறிய கைகளோடு வருவார். கடையில் கொத்து ரொட்டி போடுகிற கார்த்திகேயன் விடமாட்டான்.

“வேடர் வாறார். ஆறு வருசமாப் போறீங்கள், ஒரு முயல் வாலாவது கண்டனீங்களே அண்ணை?”

அண்ணை சிரித்துவிட்டுக் கீழே இறங்கிவிடுவார். காது கேட்காதவர்களுக்கு இப்படி ஒரு சிரிப்பு உண்டு. என்ன சொன்னார்கள் என்று தெரியாமலே, அளவாகச் சிரித்துவைப்பது.

அது எனக்குத் தெரியும். வேலைக்காரரைப் பரிசோதிக்கிற மருத்துவர் கொடுத்த கடிதத்தை என்னிடம் கொண்டுவந்து வாசிக்கச் சொன்னார். இரண்டு காதிலும் மெல்லிய, கூர்மையான சத்தங்கள் போய்விட்டன என்று எழுதியிருந்தது. கூடவே ஒரு வரைபடம். கோடு நேரே வந்து, வலப்பக்கம் பள்ளத்தில் விழுந்திருந்தது. அதை எட்டாக மடித்துப் பர்ஸுக்குள் வைத்தார். அக்காவுக்கும் சொல்லாதே என்றார். அக்கா என்றால் யசோதினி அக்கா, அவருடைய மனைவி. காலை ஐந்து மணிக்கு எழும்பி ஆறு மணிக்கு ஒரு கொம்பனியின் மேசைகளைத் துடைக்கிறவ.

இந்த வருடம் செப்டெம்பரில் ரொபேர், நவம்பர் கடைசி ஞாயிறு உனக்கு ஒரு மரத்தடி தருகிறேன் என்றார். ஒரே ஒரு நிபந்தனை. வில்லில் சத்தம் வரக்கூடாது. அந்தக் காட்டு மான் ஆட்டளவு சின்னது, உடம்பெல்லாம் காது. நாண் விட்ட பிறகு ஒரு சின்னச் சத்தம் கேட்டாலும் அம்பு வந்து சேர முதல் பதுங்கிவிடும். நெஞ்சுக்கு விட்ட அம்பு வேறெங்காவது ஏறும், மான் நாள்கணக்கில் கிடந்து சாகும். அங்கே யாரும் வில்லைச் சோதிப்பதில்லை. என் வில் சத்தம் போடாது என்று உரியவர் வாக்குக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

அண்ணையுடையது கப்பி பூட்டிய நவீன வில். அம்பைத் தாங்க அதில் இரண்டு விரல் போல ஒரு சின்னக் கவை உண்டு. நாணை விட்டதும் அந்தக் கவை கீழே விழுந்து அம்புக்கு வழி விடும். அது விழுகிற இடம் உலோகம். ‘டிக்’ என்று ஒரு சத்தம். பல்லில் நகம் பட்டதுபோல.

சங்கத்தில் ஒருவருக்கொருவர் காது கொடுப்பார்கள், ஒருவர் அம்பு விட மற்றவர் நின்று கேட்டுச் சொல்வார். டேமியனிடம் கேட்டிருந்தால் வந்து நின்றிருப்பான், அவன் நல்லவன். ஆனால் உனக்கே கேட்கவில்லையா என்று அவன் திருப்பிக் கேட்பானே. அதனால் அண்ணை அக்காவைக் கூட்டிக்கொண்டு எங்கள் கட்டடத்து நிலவறைக்கு இறங்கினார்.

பதினெட்டு மீற்றர் நீளமான ஒடுங்கிய நடைவழி அது. கடைசியில் பழைய உடுப்பு அடைத்த பாசுமதிச் சாக்கு, அதுதான் குறி. அதற்குப் பக்கத்தில், சுவர் மடிப்புக்குள், அக்கா. மான் நிற்கிற இடத்தில் நின்று கேட்டால்தான் சரி வரும் என்றார் அண்ணை. ஒவ்வொரு திங்கட்கிழமையும். அக்கா வேலையால் வந்து கால் கழுவ முதல்.

கதிரைக் காலுக்கு ஒட்டுகிற கம்பளித் துண்டைக் கவை விழுகிற இடத்தில் ஒட்டினார். கேட்குது என்றா அக்கா. மின்வேலைக்காரர் பாவிக்கிற கறுப்புக் குழாயைக் கவையின் விரல்களில் போட்டு, அடுப்பில் காட்டிச் சுருக்கினார். இப்ப முதலாவது சத்தம் குறைவு, அதுக்குப் பிறகு ஒண்டு கேட்குது என்றா. சைக்கிள் ரியூப் வெட்டி ஒட்டினார். கம்பளி தடித்துப்போய் அம்பின் இறகு உரசியது. எல்லாவற்றையும் உரித்துத் திரும்ப ஒட்டினார். வேலைக்குப் போட்டுக்கொண்டு போன சட்டையோடேயே, கோட் இல்லாமல், அக்கா அந்தச் சுவரோடு நின்றுகொண்டிருந்தா. ஒருமுறை உருளைக்கிழங்கு எடுக்க இறங்கினபோது கண்டேன். இரண்டு கையையும் கமக்கட்டுக்குள் வைத்திருந்தா.

ஏழாவது திங்கள் மேலே வந்தபோது அண்ணையின் முகம் மாறியிருந்தது. அவவுக்கு ஒண்டும் கேக்கேல்லையாம் என்றார். எனக்கு வைன் ஊற்றித் தந்தார். அக்கா நேரே குளியலறைக்குப் போய்ச் சுடுதண்ணியைத் திறந்துவிட்டா.

நவம்பர் கடைசி ஞாயிறு நடந்ததை டேமியன் சொன்னான். அண்ணை ரொபேரின் கையைப் பிடித்து வாக்குக் கொடுத்தார். பத்தரை மணியளவில் ஒரு பெட்டை மான் பதினாலு மீற்றரில் வந்து நின்றது. குறி பிழையில்லை, டேமியன் அடுத்த மரத்தடியில் நின்று பார்த்தவன். ஆனால் அந்த ‘டிக்’ அவனுக்கே கேட்டதாம். மான் பதுங்கித் திரும்பியது, அம்பு வயிற்றில் ஏறியது. இரத்தம் மோப்பம் பிடிக்கிற நாயோடு ஜெனவியேவ் என்று ஒரு பெண் வந்தா. ஐந்து மணித்தியாலம் தேடினார்கள். கண்டுபிடித்தபோதும் மானுக்கு உயிர் இருந்தது. அதை முடித்து வைத்தது ரொபேர்.

பிறகு ரொபேர் அண்ணையின் வில்லை வாங்கி மண்மேட்டில் ஒரு அம்பு விட்டார். அத்தனை தலையும் திரும்பியது. அண்ணையின் தலை மட்டும் அசையவில்லை. மற்றவர்களின் முகத்தைப் பார்த்துத்தான் அவருக்கு விளங்கியது. கவையின் விரல்கள் எல்லாம் மிருதுவாகத்தான் இருந்தன. கவையைப் பிடிக்கிற சின்ன ஆணி தளர்ந்திருந்தது. அரைச் சுற்று முறுக்கினால் போதும். வில்லுக்குப் பக்கத்தில் கேட்கிற காது ஒன்று இருந்திருந்தால் முதல் நாளே கண்டிருக்கும்.

உனக்குக் கேட்கவில்லையா என்று ரொபேர் கேட்டார். மனைவி பொய் சொன்னாள் என்று அண்ணை சொல்லியிருக்கலாம். காது போய்விட்டது என்று சொல்லியிருக்கலாம். அண்ணை சொன்னது, சத்தம் கேட்டது, தெரிந்துகொண்டுதான் கொண்டுவந்தேன் என்று.

வாக்கு மாறின ஆளுக்கு அங்கே இடமில்லை. ரொபேர் சத்தம் போடவில்லை. வில்லைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்தவர் சப்பாத்துக்கூடக் கழற்றவில்லை. அக்கா கீரை ஆய்ந்துகொண்டிருந்தா. நான் என் அறைக் கதவை மூடுவதா விடுவதா என்று தெரியாமல் நின்றேன்.

“யசோ, அண்டைக்கு உமக்குக் கேட்டதோ?”

“கேட்டது.”

“பிறகேன் இல்லையெண்டனீர்?”

“ஓம் எண்டால் அடுத்த கிழமையும் நிக்கோணும். அதாலை.”

அண்ணை வில்லைச் சுவரில் சாத்தினார். “ஒரு சீவன் வயித்திலை அம்போடை அஞ்சு மணித்தியாலம் ஓடினது, தெரியுமோ?”

அக்கா கீரையை வைத்துவிட்டு நிமிர்ந்தா. இந்தமுறை வேண்டுமென்றே உரத்துச் சொன்னா. “உங்கடை காது போன கதையை எனக்கு எப்ப சொன்னனீங்கள்? டீவி கத்தேக்கை, குக்கர் கூவேக்கை, எனக்குத் தெரியாதெண்டோ நினைச்சனீங்கள்? மான் நிக்கிற இடத்திலை என்னை நிப்பாட்டினீங்கள். குளிருதோ எண்டு ஒருக்காக் கேட்டனீங்களோ?”

அண்ணை வில்லை அலுமாரிக்கு மேலே ஏற்றினார். இன்றுவரை இறக்கவில்லை.

வெளியேற்றின ஆளுக்கும் இறைச்சியில் பங்கு உண்டென்பது சங்கத்து வழக்கமாம். டேமியன் ஒரு முன்னந்தொடையைக் குளிர்ப்பெட்டியில் வைத்துக் கடைக்குக் கொண்டுவந்தான். கார்த்திகேயன் கொண்டாடினான். வேடர் கடைசியிலை பிடிச்சிட்டார் என்று மிளகு போட்டுப் பிரட்டி, வேலைக்காரர் எல்லாருக்கும் வைத்தான். அண்ணை கீழேயே நின்றுவிட்டார். அந்தத் தட்டுகளையும் அவர்தான் கழுவினார்.

இப்போது அந்த வீட்டில் சண்டை கிடையாது. அக்கா ஒன்றைப் பழகிவிட்டா. அவர் திரும்பி நிற்கும்போது, எந்த அளவு குரல் அவருக்கு எட்டாதோ அந்த அளவில் பேசுகிறா. போன திங்கள் மூன்று பேரும் சமையலறையில் நின்றோம். அண்ணை முதுகைக் காட்டிக்கொண்டு, கரண்டிகளை ஒன்றோடொன்று முட்டாமல் துடைத்துக்கொண்டிருந்தார்.

“பத்தொன்பது வருசம் தட்டுக் கழுவின மனிசனுக்கு வேட்டை கேட்டுது,” என்றா அக்கா, அரிசி களைந்தபடி. “அதிலையும் பொய்க்காரன் எண்டு பேர் வாங்கிக்கொண்டு வந்து நிக்கிறார்.”

எனக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. அண்ணை திரும்பி என் முகத்தைப் பார்த்தார்.

“என்னவாம்?”

“ஒண்டுமில்லை அண்ணை,” என்றேன்.

அவர் அளவாகச் சிரித்துவிட்டு அடுத்த கரண்டியை எடுத்தார்.