நான் கட்டிய கயிறு

பதினோராம் வகுப்பில் சாரணியருக்கான குடியரசுத் தலைவர் விருது வாங்கினேன். "விருது வாங்கினவளுக்குப் பொறுப்பு ஜாஸ்திம்மா" என்றார் ஆசிரியை. அது என்ன பொறுப்பு என்று சீக்கிரமே தெரிந்துவிட்டது. கள்ளக்குறிச்சிக்கு எந்தப் பிரமுகர் வந்தாலும் நான் சீருடையில் போய் நிற்க வேண்டும். பன்னீர் தெளிக்க வேண்டும். சால்வைத் தட்டை ஏந்த வேண்டும். ஜனங்கள் முண்டாமல் கயிறு கட்ட வேண்டும்.

ஒருநாள் பெரிய அதிகாரி ஒருவர் மனு வாங்க வந்தார். மைதானத்தில் இரண்டு கம்பங்களுக்கு நடுவே கயிறு கட்டினேன். இழுக்க இழுக்க இறுகும் முடிச்சு அது. விருதுக்கான தேர்வில் கண்ணைக் கட்டிக்கொண்டு போட்டுக் காட்டியிருக்கிறேன்.

கயிற்றுக்கு அந்தப் பக்கம் அம்மா நின்றிருந்தாள். வீட்டுமனைப் பட்டா கேட்டு மனு எழுதி வாங்கிக்கொண்டு, கரும்பு வெட்டப் போகாமல் வந்திருந்தாள். வருவதாக என்னிடம் சொல்லவே இல்லை.

பத்துப் பேரிடம் மனு வாங்கியதும் அதிகாரி எழுந்துவிட்டார். மொத்தக் கூட்டமும் முன்னால் நெருக்கியது. "கயித்தப் புடி, ஒருத்தரையும் வுடாத" என்று ஆசிரியை கத்தினார். பிடித்தேன். கயிறு அம்மாவின் வயிற்றில் அழுந்தியது. நான் தன் மகள் என்று அவள் யாரிடமும் காட்டிக்கொள்ளவில்லை. கார் போய்விட்டது. மனு அவள் கையிலேயே இருந்தது.

சாயங்காலம் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்: "அத்தினி பேரு தள்ளியும் முடிச்சு அவுரலையே. நல்லாத்தான் கத்துக்கினு இருக்கற."

குத்திக் காட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பெருமையாகச் சொன்னாள்.