கைப்பைக்குள் ஒரு விரல்

மாடிப்படியில் யாராவது மூச்சு வாங்க ஏறி வந்தால், கணக்கம்மாவின் வலது கை கைப்பைக்குள் போய்விடும். சாவி தேடுவதுபோல் இருக்கும். தேடுவதில்லை. உள்ளே ஆள்காட்டி விரல் எழுதிக்கொண்டிருக்கும்: ஓர் எழுத்து, இரண்டு எண்கள். பையின் துணி லேசாகத் துடிப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

கணக்கம்மா என்பது எங்கள் குடியிருப்பில் அவருக்கு வைத்த பெயர். அரசாங்கப் புள்ளிவிவர அலுவலகத்தில், இறப்புப் பிரிவில் வேலை. டாக்டர்கள் எழுதி அனுப்பும் இறப்புச் சான்றிதழ்களைப் படித்து, ஒவ்வொரு சாவுக்கும் அதற்குரிய குறியீட்டைப் போட வேண்டும். மனிதன் சாகக்கூடிய எல்லா விதத்துக்கும் குறியீடு உண்டாம். எழுத்து சாவின் வகையைச் சொல்லும், எண்கள் அதில் எது என்பதை. ஏணியிலிருந்து விழுந்தால் ஒன்று, நாற்காலியிலிருந்து விழுந்தால் வேறொன்று. புத்தகத்தைப் புரட்டிப் பார்க்கும் காலம் எப்போதோ போய்விட்டது. எல்லாம் விரலுக்கு வந்துவிட்டது.

சான்றிதழில் காரணங்களை மேலிருந்து கீழாக எழுதுவார்கள். மேலே இருப்பது கடைசியாக நடந்தது. அடியில் இருப்பதுதான் எல்லாவற்றையும் தொடங்கி வைத்தது. கணக்கம்மா அடியிலிருந்துதான் படிப்பார். "மேல எல்லாரும் ஒண்ணேதான் எழுதுவாங்க, இதயம் நின்னுபோச்சுன்னு. செத்தவருக்கு நிக்காம ஓடிக்கிட்டா இருக்கும்? அடியில என்ன, அதைப் பாக்கணும்."

இந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. கல்யாணப் பத்திரிகை, மருந்துச் சீட்டு, செய்தித்தாள் எதுவானாலும் அடியிலிருந்து மேலே போவார். முதல் மாடிக்காரி ஒருநாள் மருமகளைப் பற்றிக் குறைப்பட்டியல் படிக்க ஆரம்பித்தாள். குழம்பில் உப்பு, துணி காயப்போட்ட விதம் என்று நீண்டுகொண்டே போனது. "அதெல்லாம் கிடக்கட்டும். அடியில என்ன?" என்றார் கணக்கம்மா. அவள், "பையன் ஃபோனே பண்றதில்லக்கா" என்று அழுதாள்.

விரல் பைக்குள் குடிபோனது வீட்டு ஓனரின் சாவுக்குப் பிறகு. தண்ணீர்க் குழாயைப் பார்க்க வந்தவர் படியில் நின்று நெஞ்சைத் தடவிக்கொண்டார். கணக்கம்மாவின் விரல் கைப்பிடிச் சுவரில் ஊர்ந்தது. மழைக்காலம் வருவதற்குள் ஓனர் போய்ச் சேர்ந்தார். விரல் ஊர்ந்ததைப் பார்த்தவர், கீழே தையல் கடை வைத்திருப்பவர். இப்போதெல்லாம் கணக்கம்மா கடைக்குப் போனால், அவர் மெஷினை நிறுத்திவிட்டு, "அக்கா, கை எங்க?" என்றுதான் கேட்பார்.

"பைக்குள்ளதான்ப்பா இருக்கு."

"அங்கேயே இருக்கட்டும். ஜாக்கெட் புதன்கிழமை தர்றேன்."

"போன புதன்கிழமையும் இதத்தான் சொன்னே."

"அன்னிக்கு நீங்க கையை வெளிய வெச்சுக்கிட்டு வந்தீங்க. எனக்குக் காய்ச்சல் வந்துடுச்சு."

இருவரும் சிரிப்பார்கள். தையல்காரர் கொஞ்சம் முன்னதாகவே நிறுத்திவிடுவார்.

பார்த்தாலே தெரிந்துவிடுமா என்று ஒருமுறை கேட்டேன். "எனக்கென்ன தெரியும், நான் டாக்டரா? உங்க வாய் சும்மா இருக்கிறப்ப பாட்டு முணுமுணுக்குதுல்ல, அந்த மாதிரி. பாதி தப்பாத்தான் இருக்கும். ஓனருக்கு நான் நெஞ்சுன்னு எழுதினேன். அவரு லாரியில அடிபட்டுப் போனாரு."

இதைத் தையல்காரரிடம் சொன்னால் அவருக்கு நிம்மதியாக இருக்குமே என்றேன்.

"இருக்காது" என்றார் கணக்கம்மா. "லாரிக்காரன் ஹார்ன் அடிச்சுக்கிட்டேதான் வந்திருக்கான். இவரு நடுரோட்டுல அப்படியே நின்னுட்டாராம். ஏன் நின்னாரு?"

அவருடைய கணவருக்கும் அதே அலுவலகக் கட்டடம், அதே மாடி, எதிர் அறை. வருவாய்ப் பிரிவு. பெட்ரோல், பத்திரப் பதிவு, வாகனம் என்று எதிலிருந்து எவ்வளவு வரி வருகிறது என்று அங்கே அட்டவணை போடுகிறார்கள். கணவருடைய பொறுப்பில் சிகரெட்டும் மதுவும். இரண்டு அறைகளுக்கும் நடுவே ஒரு நடைபாதை, அதன் கோடியில் ஒரு ஜன்னல். அங்கே நின்றுதான் கணவர் புகைப்பார்.

"உன் சம்பளத்துல என் புகையும் கலந்திருக்கு, மறந்துடாத" என்பார் மனைவியிடம்.

"மறக்கல. உங்க ரூம் கணக்குல இருக்கிறவங்க எல்லாரும் மெதுவா நடந்து எங்க ரூமுக்குத்தான் வந்துட்டிருக்காங்க. நடைபாதை கொஞ்சம் நீளம், அவ்வளவுதான்."

ஒரு வருடம் இரண்டு பிரிவுகளின் ஆண்டறிக்கையும் ஒரே அச்சகத்துக்குப் போய், வரைபடங்கள் இடம் மாறிவிட்டன. சிகரெட் வரிக்கான கோடு இறப்பு அறிக்கையிலும், நுரையீரல் சாவுக்கான கோடு வருவாய் அறிக்கையிலும் ஏறிவிட்டன. ஒருவரும் கவனிக்கவில்லை. கணவரின் மேலதிகாரி கூட்டத்தில் அந்தக் கோட்டைக் காட்டி, நல்ல ஏறுமுகம் என்று கைதட்ட வைத்தாராம். கணக்கம்மா மட்டும் பார்த்தவுடன் கண்டுகொண்டார். "எங்க கோடு அவசரப்படாது. அதுலயே தெரிஞ்சுபோச்சு."

கணவர் எதிரில் கணக்கம்மாவின் கை சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. பூண்டு உரிக்கும், துணி மடிக்கும், ஒன்றுமில்லாவிட்டால் துடைத்த மேஜையையே மறுபடி துடைக்கும். கணவர் முகத்தைப் பார்த்துப் பேசுவதும் குறைவு. கணவருக்கு இது ஒரு வேடிக்கை. "ஊருக்கெல்லாம் எழுதுறா. கட்டின புருஷனுக்கு ஒரு எழுத்துக்கூடக் கிடையாது" என்று என்னிடம் புகார் சொல்வார்.

"சொந்தக்காரங்க காகிதம் வந்தா பக்கத்து சீட்டுக்குத் தள்ளிடணும். ஆபீஸ் சட்டம்."

"பக்கத்து சீட்டுல யாரு?" என்பார் கணவர்.

"புதுசா வந்திருக்கா. மேலேருந்து படிப்பா."

இந்த வருடம் கணவரைவிட அவருடைய இருமல்தான் முதலில் படியிறங்குகிறது. டாக்டர் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லிக் கொடுத்த சீட்டு, ஃப்ரிட்ஜ் கதவில் காந்தத்தின் கீழ் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. கேட்டால், "வெறும் சளிங்க" என்பார். கணக்கம்மா நச்சரிக்கவில்லை. ஃப்ரிட்ஜைத் திறக்கும்போதெல்லாம் சீட்டை மட்டும் நேராக்கி வைப்பார்.

போன சனிக்கிழமை மதியம், இரவல் வாங்கிய பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கப் போயிருந்தேன். மேஜையைச் சுற்றி மூவரும் உட்கார்ந்திருந்தோம். உரிக்கவும் மடிக்கவும் ஒன்றுமில்லை. தண்ணீர் டம்ளரை எடுத்த இடத்தில் ஈர வட்டம் ஒன்று. சிகரெட் வரி இந்த வருடம் எதிர்பார்த்ததைத் தாண்டிவிட்டது, அதில் தன் பங்கு எவ்வளவு என்று கணவர் சொல்லிச் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு பாதியில் இருமலானது. நிற்கவில்லை. மேஜை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். டம்ளர் நடுங்கியது.

கணக்கம்மா அவரை நிமிர்ந்து பார்த்தார். முழுதாக, கண் இமைக்காமல். விரல் ஈரத்தில் இறங்கி ஓர் எழுத்தை எழுதியது.

இருமல் அடங்கிக் கண்ணைத் துடைத்துக்கொண்ட கணவரின் பார்வை மேஜையில் விழுந்தது. இத்தனை வருடம் கூடவே வாழ்ந்தவருக்கு அந்த எழுத்து என்னவென்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"நம்பர் போடலியே?" என்றார். குரலில் பாதிதான் கேலி.

கணக்கம்மா உள்ளங்கையால் அதை மூடினார்.

கணவர் எழுந்து போய்க் காந்தத்தை நகர்த்திச் சீட்டை எடுத்தார். "எக்ஸ்ரே எடுக்கிற இடத்தை எப்ப மூடுவாங்க?"

"அடியில போட்டிருக்கு."

அவர் படித்தார். ஆணியிலிருந்து சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போனார். செருப்பு உரசும் சத்தம் கேட்டது. "வர்றியா, நான் மட்டும் போகட்டுமா?"

"இதோ வர்றேங்க" என்று கணக்கம்மா இடது கையால் கைப்பையை எட்டி எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். நல்ல வெயில். மேஜையில் இருந்த ஈரம் எப்போதோ காய்ந்திருக்கும். வலது உள்ளங்கையை அதன்மேல் அழுத்தியபடியே உட்கார்ந்திருந்தார்.