தாய்மாமன் போடாத வெடி

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு சிவப்பு அட்டைப்பெட்டி இருக்கிறது. மேலே ‘பத்தாயிரம் வாலா’ என்று கொட்டை எழுத்து. உள்ளே என் கல்யாணப் போட்டோக்கள். அந்த வெடியை வாங்கி வந்தவர் என் தாய்மாமன்.

மாமாவுக்குப் புதுவயலில் அரிசி ஆலை வேலை. நாள் முழுக்க இயந்திரத்துக்கு மேலே கத்திப் பேசிப் பழகியவர் வீட்டில் உப்புக் கேட்டாலும் தெருக்கோடிவரை கேட்கும். மருமகனை வெடி முழங்கப் பந்தலுக்கு அழைத்துப்போவது தாய்மாமன் உரிமை. அதில் குறை வந்தால் மனுசர் தாங்கமாட்டார். பெண் வீடோ பறவைகள் சரணாலயக் கண்மாய்க் கரையில். தை மாதம், கருவேல மரமெல்லாம் நாரைக் கூடுகள். ஊர் எல்லையில் வேனை நிறுத்தி மாமா வெடிச் சரத்தை விரித்துக்கொண்டிருக்கையில், என் மாமனாராகப் போகிறவர் வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்தார்.

“கோவிச்சுக்கிறாதீக. நாங்க தீபாவளிக்கே வெடி போடுறதில்ல. தாய்ப்பறவை பயந்து எந்திரிச்சா குஞ்சு தண்ணிக்குள்ள விழுந்துரும்.”

மாமாவின் முகம் சுருங்கிவிட்டது. கோபத்தில் வேனைத் திருப்பச் சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். கல்யாணம் நின்றால் யாரிடம் போய் முறையிடுவது, நாரையிடமா? மாமனார் அவர் கையைப் பிடித்துக் கரைக்குக் கூட்டிப்போனார். கூட்டின் விளிம்பில் ஒரு குஞ்சு வாயைப் பிளந்தபடி தள்ளாடிக்கொண்டிருந்தது. மாமா வெகுநேரம் அண்ணாந்து பார்த்தார். திரும்பி வந்தவர், ஒரு வாளித் தண்ணீர் கேட்டு வாங்கி, சரத்தைத் தானே அதில் முக்கினார்.

“பச்சப்புள்ளைக இருக்க வீடுப்பா. மெதுவாப் போவோம்.”

மேளமும் எல்லையோடு நின்றுவிட்டது. வெறும் செருப்புச் சத்தத்தோடு பந்தலுக்குப் போன ஒரே வெளியூர் மாப்பிள்ளை நானாகத்தான் இருப்பேன். அன்று முழுக்க மாமா ரகசியக் குரலிலேயே பேசினார். பந்தியில் அவர் பாயசம் கேட்டது யார் காதிலும் விழவில்லை. பாயசம் வரவும் இல்லை.

வேலை மாமனார் ஊர்ப் பக்கமே அமைந்ததில் நானும் இந்த ஊர்க்காரனாகிவிட்டேன். சரணாலயத்தைக் காக்கப் பொதுமக்கள் என்ன செய்யலாம் என்று வனத்துறை இப்போது கரையில் போர்டு வைத்திருக்கிறது: வெடி வேண்டாம், ஹாரன் வேண்டாம், பிளாஸ்டிக் வேண்டாம். படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பாயசம்தான் ஞாபகத்துக்கு வரும்.

போன தையில் என் மகளுக்குக் கல்யாணம். மாமாவுக்கு இப்போது காது சுத்தமாகக் கேட்காது. கண் மட்டும் பழுதில்லை. பந்தல் வாசலில் மாப்பிள்ளையின் நண்பர்கள் ஒரு பெட்டியைப் பிரித்ததை அவர்தான் முதலில் பார்த்தார்.

“வெடி போடாதீகப்பா! குஞ்சு விழுந்துரும்!”

அந்தக் கத்தலில் கண்மாய் நாரைகள் அத்தனையும் எழும்பிவிட்டன. நாங்கள் கரைக்கு ஓடினோம். மாமா தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார். பறவைகள் ஒரு சுற்றுச் சுற்றி, ஒவ்வொன்றாகக் கூட்டில் இறங்கின. நல்லவேளை, ஒரு குஞ்சும் விழவில்லை. போர்டில் மாமா பெயரையும் சேர்க்கச் சொல்லவேண்டும் என்று என் மனைவி சிரித்தாள்.

பந்தியில் நானே அவருக்குப் பாயசம் ஊற்றினேன். சாப்பிட்டு முடித்ததும், பையன்களிடமிருந்து பிடுங்கி வைத்திருந்த பெட்டியைத் தட்டிக் காலிசெய்து என்னிடம் நீட்டினார். இந்த முறை குரல் எனக்கு மட்டும்தான் கேட்டது.

“இந்தா, பேத்தி போட்டோவ இதுல வையி.”